கீரிமலைக் கேணியும் மகளின் தோலும்

யாழ்ப்பாணத் தமிழில் அரிப்புக்குக் 'கடி' என்று பெயர். எங்கள் மகள் முழுசாகச் சொன்ன முதல் தமிழ் வசனங்களில் ஒன்று, "அப்பா, கடிக்குது." லண்டனில் பிறந்த பிள்ளை. விளையாட்டு ஆங்கிலத்தில், சண்டை ஆங்கிலத்தில். கடி மட்டும் தமிழில். இரவு இரண்டு மணிக்கு அந்தக் குரல் கேட்டால் நான் எழும்பிப் போய், முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் கிறீம் பூசி, அவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்துவிடுவேன். காலையில் பார்த்தால் படுக்கை விரிப்பில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய டிசம்பரில் நாங்கள் ஊருக்குப் போனோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. இணுவிலில் இருக்கும் என் அம்மம்மாவுக்கு 84 வயது. பூட்டப்பிள்ளையை ஒருக்காவது மடியில் வைத்திருக்க வேணும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோருக்கும் சொன்ன காரணம் அதுதான். சொல்லாத காரணம் கீரிமலை.

லண்டனில் இருக்கும் என் அம்மா ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார்: "தம்பி, ஒருக்கா கீரிமலையில கொண்டுபோய்த் தோய வாத்துப் பாருங்கோவன். உங்கட கிறீமுகளை விட அது நல்லது." நான் சிரிப்பேன். ஆனால் விமானச் சீட்டு எடுத்த அன்று இரவே, இணுவிலில் இருந்து கீரிமலைக்கு எவ்வளவு தூரம் என்று தேடிப் பார்த்தேன். பிள்ளையின் நோய்க்கு முன்னால் எங்கள் படிப்பெல்லாம் எவ்வளவு மெல்லியது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

சுண்ணாம்புத் தண்ணி

லண்டன் குளிர்காலம் எக்ஸிமாவுக்கு நல்ல காலம் இல்லை. வெளியில் குளிர்காற்று, உள்ளே ஹீட்டர். இரண்டும் தோலில் இருக்கும் ஈரத்தை இழுத்து எடுத்துவிடும். தண்ணியும் கடினத் தண்ணி. தென்கிழக்கு இங்கிலாந்தின் நிலத்தடி நீர் சோக்குப் பாறைக்குள்ளால் வருகிறது. அதனால்தான் எங்கள் கேத்தில்களின் அடியில் வெள்ளையாகப் படை கட்டுகிறது.

அந்த வெள்ளைப் படைதான் என் மகளின் எதிரி என்று நான் ஒரு காலத்தில் முடிவு செய்துவிட்டேன். கடினத் தண்ணி உள்ள இடங்களில் பிள்ளைகளுக்கு எக்ஸிமா கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டுக்கே தண்ணியை மென்மையாக்கும் இயந்திரம் பூட்ட விலை கேட்டுவிட்டேன். பிறகுதான் 2011-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். இங்கிலாந்தில் கடினத் தண்ணி உள்ள இடங்களில் எக்ஸிமாவோடு இருந்த 336 பிள்ளைகளை எடுத்து, ஒரு பாதிப் பேரின் வீட்டில் அந்த இயந்திரத்தைப் பூட்டி 12 கிழமை பார்த்தார்கள். எக்ஸிமாவில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காசு மிச்சம். ஆனால் மனம் ஆறவில்லை. மென்மையான தண்ணி சரிவராவிட்டால் வேறு ஏதோ ஒரு தண்ணி சரிவரும் என்றுதான் மனம் ஓடியது.

நான் கணினி வேலை செய்கிறவன். எதையும் அட்டவணையில் போட்டுவிட்டால் பாதி வென்றமாதிரி எனக்கு. நொட்டிங்ஹாமில் உருவாக்கிய 'போயெம்' என்ற கேள்விக்கொத்து ஒன்று இருக்கிறது. போன கிழமையில் எத்தனை நாள் கடித்தது, எத்தனை இரவு நித்திரை குழம்பியது, எத்தனை நாள் இரத்தம் வந்தது என்று ஏழு கேள்விகள். மொத்தம் 28 புள்ளி. 17 அல்லது அதற்கு மேலே என்றால் கடுமையான எக்ஸிமா. ஒவ்வொரு ஞாயிறும் நான் அதை நிரப்புவேன். சாப்பாடு, வெளி வெப்பநிலை, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிரல். நாங்கள் புறப்பட்ட கிழமையில் மகளின் புள்ளி 19.

அந்த அட்டவணையில் ஒரே ஒரு நிரல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

குதிரை முகம் போன இடம்

யாழ்ப்பாணத்தில் டிசம்பர் மழைக்காலம். காற்றில் ஈரம், வெயிலும் கடுமையில்லை. வந்த மூன்றாம் நாளே ஒரு வான் பிடித்துக்கொண்டு கீரிமலைக்குப் புறப்பட்டோம். இணுவிலில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை. இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள், வாழை, வெங்காயம், இடையில் பனைகள். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. இங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்துக்கு அடியில் நிற்கும். அதை அள்ளித்தான் ஊர் முழுக்கச் சீவிக்கிறது.

மாவிட்டபுரத்தில் வானை நிற்பாட்டினோம். பெரியம்மா மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு கதையைச் சொன்னார். முன்னொரு காலத்தில் மாருதப்புரவீகவல்லி என்று ஒரு சோழ இளவரசி. அவளுக்குக் குதிரை முகம். எத்தனை தீர்த்தம் ஆடியும் போகவில்லை. கீரிமலையில் வந்து நீராடினாள், குதிரை முகம் போய் மனித முகம் வந்தது. அந்த நன்றிக்குத்தான் இந்த முருகன் கோயிலைக் கட்டினாள். மா என்றால் குதிரை. குதிரை முகம் விட்ட இடம் மாவிட்டபுரம். அவளுக்கு முன்னமே நகுலமுனிவர் என்று ஒருவர் கீரி முகத்தோடு வந்து, அதே தண்ணியில் முழுகித் தன் முகத்தைத் திரும்பப் பெற்றார். அதனால் அது கீரிமலை.

மகள் கண் வெட்டாமல் கேட்டாள். "குதிரை முகம் பிறகு எங்க போச்சு?"

"தண்ணிக்குள்ள போட்டுது, குஞ்சு."

கீரிமலையில் முதலில் தெரிவது கடல்தான். மழைக்காலக் கடல், சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டு இருந்தது. அந்த அலைக்குப் பக்கத்திலேயே, ஒரு மதில் மட்டும் இடையில் இருக்க, நன்னீர்க் கேணி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்குச் சுவர் மறைப்போடு தனியாக இன்னொன்று. நிலத்துக்கு அடியால் வடக்கே ஓடி வருகிற தண்ணி கடல் விளிம்பில் ஊற்றாக மேலே வருகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் உப்பே இல்லை. இதைக் கண்ட எந்தக் காலத்து மனிசரும் கும்பிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் நகுலேஸ்வரம் கோயில். 1990-க்குப் பிறகு இந்தப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்து, பல வருடம் இங்கே வரமுடியாமல் இருந்தது. அன்றைக்குப் படியில் ஒரு குடும்பம், தகப்பனாருக்கோ ஆருக்கோ கிரியை முடித்து ஈர வேட்டியோடு இருந்தது. அவர்களுக்கு அருகில் பெடியன்கள் மதிலில் ஏறி நின்று குதித்தார்கள்.

மகளை நானே இறக்கினேன். முதலில் பயந்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பத்து நிமிடம் அவள் சொறியவே இல்லை. என்னை அறியாமல் நான் மனதுக்குள் ஆரையோ கும்பிட்டேன்.

அந்த ஞாயிறு போயெம் 9. ஒரு வருடத்தில் அவ்வளவு குறைந்த புள்ளியை நான் கண்டதில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "நான் சொன்னன்தானே" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

பயத்தம் மாவும் நுளம்பும்

சரியாக ஒரு கிழமை. அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ்.

நுளம்பு கடித்த இடமெல்லாம் சொறிந்தாள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். கத்தரிக்காய், இறால், நண்டு, அன்னாசி எல்லாம் கிரந்தி, கொடுக்கவேண்டாம் என்றார் ஒருவர். இன்னொருவர் அன்போடு பயத்தம் மாவைத் தேய்த்துத் தோய வார்த்தார். அதில் இருக்கும் விசயம் எனக்குப் பிறகுதான் தெரியும். வெடித்த தோலுக்குள்ளால் சாப்பாட்டுச் சாமான் உடம்புக்குள் போனால், அந்தச் சாப்பாட்டுக்கே ஒவ்வாமை உருவாகக்கூடும் என்று இப்போது மருத்துவர்கள் கருதுகிறார்கள். வாயால் சாப்பிட்டுப் பழகும் பிள்ளையின் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். புண்பட்ட தோலால் அறிமுகமானால் எதிரியாக நினைத்துவிடும். பயறு, கடலை, கோதுமை, பால் எதுவாக இருந்தாலும் உடைந்த தோலில் தேய்க்காமல் விடுவது நல்லது.

இன்னொரு பேச்சும் இருந்தது. "பொம்பிளைப் பிள்ளை, இப்பிடிக் கறுத்துக் கறுத்துக் கிடக்குதே." அவள் முன்னாலேயே சொன்னார்கள். தமிழ் விளங்காது என்று நினைத்திருப்பார்கள். அன்று பின்னேரம் அவள் நீளக் கைச் சட்டை வேணும் என்று கேட்டாள். 27 பாகை வெயிலில். என் மனைவி அறைக்குள் போய் அழுதாள்.

எங்கள் தோலில் எக்ஸிமா சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, சாம்பலாக, கடும் மண்ணிறமாகத்தான் தெரியும். லண்டனில் ஒரு டொக்டர் "அவ்வளவு சிவப்பாக இல்லையே" என்று எங்களை அனுப்பிவைத்ததும் அதனால்தான். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். 2020-ல் லண்டன் சென் ஜோர்ஜஸ் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே கறுப்பு, மண்ணிறத் தோல்களில் நோய்க் குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கைந்நூலே செய்யவேண்டி வந்தது. நிறத்தை மட்டும் பார்க்காமல், கை வைத்துப் பாருங்கள். சூடு, சொரசொரப்பு, தடிப்பு இருக்கிறதா என்று. கடி ஆறிய பிறகு நிற்கும் கறுப்புத் தழும்பு எக்ஸிமா இல்லை. அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறையும்.

மூன்றாம் நாள் இரவு பொறுக்க முடியாமல் ரவுணுக்குப் போய் ஒரு பாமசியில் நிலைமையைச் சொன்னேன். கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒரு ரியூபை எடுத்து நீட்டினார்கள். வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். குளோபெட்டசோல், அதோடு பூஞ்சை மருந்து, அதோடு நுண்ணுயிர் மருந்து. குளோபெட்டசோல் தோலில் பூசும் ஸ்டீரொயிட்டுகளின் நாலு படிகளில் ஆகக் கடுமையான படியில் இருப்பது. சின்னப் பிள்ளைக்குத் தோல் மருத்துவர் பார்க்காமல் தொடக்கூடாதது. மூடியைத் திறக்காமல் அலுமாரிக்கு மேலே வைத்தேன். காலையில் முழங்காலுக்குப் பின்னால் மஞ்சளாகப் பொருக்கு, கசிவு, உடம்பும் சூடு. அது தொற்று.

ரியூபின் பாரம்

யாழ்ப்பாணத்தில் தோல் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வயதான அம்மா. மகளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "லண்டன்ல என்ன மருந்து பூசினீங்கள் தம்பி?" என்று கேட்டார்.

பையில் இருந்த 30 கிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன் ரியூபை எடுத்துக் கொடுத்தேன். ஒட்டியிருந்த தாளில் திகதியைப் பார்த்தார். ஜூலை. ரியூபை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார்.

"இது அரைவாசிக்கு மேல கிடக்குதே. ஆர் பூசுறது?"

"இரவில நான்தான்" என்றேன். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

என் அட்டவணையில் இல்லாத நிரல் அதுதான். எத்தனை கிராம் பூசினேன் என்பது. ஸ்டீரொயிட் என்ற சொல்லுக்கே எனக்குப் பயம். தோல் மெலிந்துவிடும், ஒருக்கா தொட்டால் விடமுடியாது என்று வட்சப்பில் வந்த படங்களெல்லாம் மனதில் இருந்தன. அதனால் இரவில் ஒரு பொட்டு வைக்கும் அளவுக்கு எடுத்து, கை முழுக்க இழுத்து இழுத்துத் தடவுவேன். இரண்டு நாள் தடவிவிட்டுக் கொஞ்சம் ஆறியதும் நிறுத்துவேன். மனைவி கேட்டால் "பூசிட்டன்" என்பேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஆறு மாதமாக அந்தப் பிள்ளையின் இரவுகளை என் பயம்தான் தின்றிருக்கிறது. தண்ணி இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

டொக்டர் ஏசவில்லை. தாளில் ஒரு சுட்டுவிரலைக் கீறினார். பெரிய ஆளின் சுட்டுவிரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ரியூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். அது பெரிய ஆளின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குக் காணும். மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு முழுக் கைக்கு அப்படி இரண்டு, ஒரு முழுக் காலுக்கு மூன்று. எக்ஸிமா உள்ள இடத்துக்கு மட்டும், ஆனால் அந்த இடத்துக்குக் குறைவில்லாமல். ஆறி இரண்டு நாள் ஆகும்வரை நிறுத்தக்கூடாது. நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். எங்கள் ரியூப் இரண்டு மூன்று கிழமையில் முடிந்திருக்க வேணும்.

"எங்கட ஊர்க் கிடுகு வேலி தெரியும்தானே தம்பி? இந்தப் பிள்ளையின்ர தோல் கிடுகு விலத்தின வேலி. ஈரம் வெளியில போகுது, ஊத்தை உள்ள வருது. ஈரப்பசைக் கிறீம் கிடுகு கட்டுறமாதிரி. அது ஒவ்வொரு நாளும் கட்டவேணும். ஆனா வேலியில நெருப்புப் பிடிச்சா என்ன செய்வீங்கள்? நெருப்பை அணைக்காமல் கிடுகு கட்டலாமோ? ஸ்டீரொயிட் அந்த நெருப்புக்குத்தான். அரை வாளி தண்ணி ஊத்தினா அது அணையாது, பிறகும் மூளும்."

கிடுகு ஏன் விலத்துகிறது என்பதற்கு ஒரு பெரிய விடை 2006-ல் ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் இருந்து வந்தது. தோலின் மேற்படையை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் இருக்கும் குறைகள் எக்ஸிமாவுக்கு வழி விடுகின்றன என்று கண்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே காரணம் இல்லை. ஆனால் தாய் சாப்பிட்ட நண்டிலும் தகப்பன் வாங்கின சவர்க்காரத்திலும் மட்டும் குற்றம் தேடுவது பிழை என்று எனக்கு விளங்கியது.

தொற்றுக்குக் குடிக்கும் மருந்து, உடம்புக்கு ஒரு படி கூடின ஸ்டீரொயிட், கழுத்துக்கும் முகத்துக்கும் அதே பழைய ஹைட்ரோகோர்ட்டிசோன். கடும் ஸ்டீரொயிட்டைக் கண்டபடி நெடுநாள் பூசினால் தோல் மெலியும் என்பது உண்மை என்றும் டொக்டர் சொன்னார். அந்தப் பாமசி ரியூபைக் குப்பையில் போடச் சொன்னவரும் அவர்தான். பயம் வேணும், ஆனால் எதுக்குப் பயப்பட வேணும் என்று தெரிந்திருக்க வேணும்.

வானில் திரும்பும்போது மனைவி கேட்டாள், "எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே? நானும் பயந்துகொண்டுதான் இருந்தன்." கோண்டாவில் வரைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை.

அம்மம்மா சொன்னது

அன்று இரவு மருந்து பூச நான் ரியூபை எடுக்க, அம்மம்மா கையை நீட்டினார். விரல் மடிப்பு வரைக்கும் என்று காட்டிக் கொடுத்தேன். பத்து விரலும் நடுங்கும் அந்த மனிசி, மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு, மயிர் வளர்கிற திசையில் மெதுவாக, ஓர் இடம் விடாமல் பூசினார். எத்தனையோ பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்த கை.

"உன்ர கொம்மாவுக்கும் இதுதான் இருந்தது" என்றார் சாதாரணமாக.

"எது?"

"கரப்பான். காலெல்லாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கீரிமலைக்குக் கொண்டுபோறது. வண்டில் கட்டிக்கொண்டு. நாலைஞ்சு வருசம் போனம். பள்ளிக்கூடம் போகத் துவங்கினாப் பிறகு மெல்ல மெல்ல மாறிட்டுது."

"தண்ணியாலயோ மாறினது?"

அம்மம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியேல்லை ராசா. போய்வந்து அவளுக்கு நல்லெண்ணெய் பூசி, மடியில கிடத்திக் கதை சொல்லுவன். அவள் சொறியாமல் நித்திரை கொள்ளுவாள்."

சின்ன வயதில் எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் பலருக்கு வளர வளரக் குறையும். என் அம்மாவுக்கும் அப்படி நடந்திருக்கும். பெயரைக் கீரிமலை வாங்கிக்கொண்டது. அடுத்த நாள் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மற்றப் பக்கம் நெடுநேரம் சத்தம் இல்லை. "எனக்கு இருந்ததாலதான் குஞ்சுக்கு வந்ததெண்டு நினைப்பீங்களெண்டு நான் சொல்லேல்லை" என்றார். கலியாணம் பேசும்போது இதைச் சொல்லக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். நாற்பது வருடம் லண்டனில் இருந்தும் அந்த வாய்ப்பூட்டு கழரவில்லை. நான் மனைவியிடம் மறைத்ததும் அம்மா எங்களிடம் மறைத்ததும் வேறு வேறு காரணம். சொறிந்தது ஒரே பிள்ளை.

புறப்பட முதல் நாள் மகள் கேட்டு மறுபடியும் கீரிமலைக்குப் போனோம். இந்த முறை அம்மம்மாவும் வந்தார். கேணியில் ஐந்து நிமிடம் விளையாட விட்டு, துவாயால் தேய்க்காமல் ஒத்தித் துடைத்து, ஈரம் காய முதல் படியிலேயே வைத்துக் கிறீம் பூசினோம். மகள் தண்ணியைக் குனிந்து பார்த்தாள். "என்ர கடியும் தண்ணிக்குள்ள போட்டுதோ?"

பொய் சொல்ல வாய் வந்தது. "கொஞ்சம் போட்டுது. மிச்சத்துக்கு நாங்கள் ஒவ்வொரு நாளும் பூசுவம்" என்றேன். "நீங்களோ அம்மாவோ?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும்" என்றாள் மனைவி.

ஒரு போத்தலில் அந்தத் தண்ணியை எடுத்து வந்து அம்மம்மா வீட்டுக் கேத்திலில் கொதிக்க வைத்துப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் படை. லண்டனில் சோக்கு, இங்கே சுண்ணாம்புக்கல். இரண்டும் கல்சியம் காபனேற்றுத்தான்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

எக்ஸிமா உள்ள பிள்ளையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விசயங்கள்.

ஈரப்பசைக் கிறீம் நினைப்பதை விடக் கனக்க வேணும். இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டி பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 250 முதல் 500 கிராம் என்று சொல்கிறது. நாலு கிழமைக்கு இரண்டு கிலோ வரை போகலாம். எந்த வகை என்று மண்டையை உடைக்க வேண்டாம். 550 பிள்ளைகளை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வில் லோஷன், கிறீம், ஜெல், ஒயின்ட்மென்ட் நாலும் ஒரேயளவுதான் உதவின. பிள்ளை பூச விடுகிற வகைதான் நல்ல வகை. விமானத்துக்குள் காற்று காய்ந்தது. கைப்பையில் ஒரு சின்னப் போத்தலும் மருத்துவர் கடிதமும் இருக்கட்டும்.

அம்மம்மாமார் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள். பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் செய்த சோதனையில், கன்னித் தேங்காயெண்ணெய் கனிய எண்ணெயை விட நன்றாக வேலை செய்தது. ஆனால் வாசம் சேர்க்காததாக இருக்க வேணும், அது ஸ்டீரொயிட்டுக்கு மாற்றும் இல்லை. ஒலிவ் எண்ணெய் வேண்டாம். அது தோலின் தடுப்பைக் குலைக்கிறது.

கிரந்தி என்று சொல்லிப் பிள்ளையின் சாப்பாட்டை நீங்களாக வெட்டாதீர்கள். சாப்பிட்டு உடனே தடித்து வீங்கினால், சத்தி எடுத்தால், மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

கோயிலில் கற்பூரத் தட்டுக்கும் வீட்டுக் குத்துவிளக்குக்கும் கிட்டப் பிள்ளையை விடும்போது கவனம். கிறீம் ஊறிக் காய்ந்த துணி இலகுவாகத் தீப்பிடிக்கும். பரஃபின் இல்லாத கிறீமுக்கும் இது பொருந்தும் என்று 2018-லேயே இங்கிலாந்தில் எச்சரித்தார்கள்.

உதட்டில் கொப்புளம் உள்ள எவரும் பிள்ளையைக் கொஞ்ச விடாதீர்கள், அவர் எவ்வளவு நெருங்கின சொந்தமாக இருந்தாலும். அந்தக் கிருமி எக்ஸிமாத் தோலில் பரவினால் ஆபத்து. ஒரே அளவான சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, நோவும் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிள்ளைக்கு முன்னால் அவளின் நிறத்தைப் பற்றிக் கதைப்பவர்களை உடனே நிற்பாட்டுங்கள். மரியாதை குறையும் என்று நான் பேசாமல் இருந்தேன். அந்த நீளக் கைச் சட்டை இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது.

இப்போது மகளுக்கு ஐந்து வயது. எக்ஸிமா போகவில்லை. ஒக்டோபரில் ஹீட்டர் போட்டால் வரும். நாங்களும் விரல் மடிப்பு அளந்து உடனே பூசுவோம், இரண்டு கிழமையில் அடங்கும். போன ஞாயிறு போயெம் 5. அட்டவணையில் இப்போது இரண்டே நிரல்கள், புள்ளியும் கிராமும். கிராமை மனைவியும் நானும் மாறி மாறி எழுதுகிறோம்.

வெள்ளிக்கிழமை இரவு என் அம்மாவின் முறை. அவர் பூசும்போது மகள் குதிரை முகக் கதை கேட்பாள். போன கிழமை கதையை இடையில் நிற்பாட்டி, "அப்பம்மா, உங்களுக்கும் கடிச்சதோ?" என்று கேட்டாள். அம்மா சேலையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலுக்குப் பின்பக்கத்தைக் காட்டினார்.

"ஓமடா குஞ்சு. இஞ்ச பார், இந்த இடத்திலதான்."